கோப்பில் ஏறாத செய்தி: சார்பற்ற ஊடகமும் அரசு நிர்வாகமும் – மூவரின் அனுபவங்கள்

ஓய்வு பெற்ற வட்டாட்சியர், காவிரி டெல்டா

கிராம நிர்வாக அலுவலராகப் பணியில் சேர்ந்து, வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். பத்திரிகைகள் அரசைக் கண்காணிக்கின்றன என்று எல்லோரும் சொல்வதுண்டு. அலுவலகத்துக்குள்ளேயே காலம் கழித்த எனக்கு அந்தக் கூற்று போதுமானதாகப் படவில்லை. தன் ஆளுகைக்கு உட்பட்ட ஊர்களில் என்ன நடக்கிறது என்பதையே அரசு பல நேரங்களில் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது.

மாவட்டச் செய்திகளைச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தார் காலையிலேயே கத்தரித்து, வெள்ளைத் தாளில் ஒட்டி, ஆட்சியரின் பார்வைக்கு அனுப்பிவிடுவார்கள். அவற்றில் ஒன்றின் ஓரத்தில் ஆட்சியர் ‘அறிக்கை தேவை’ என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டால் போதும். அது கோட்டாட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர் என்று இறங்கி, மாலைக்குள் கிராம நிர்வாக அலுவலரின் கைக்கு வந்துவிடும். குறைதீர் நாளில் கொடுத்த மனு மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்திருக்கும். அதே குறை அச்சில் வந்த மறுநாள் ஜீப் கிளம்பும். இதற்கு அலுவலர்களின் சோம்பலை மட்டும் காரணமாகச் சொல்வது சரியாகாது. கீழிருந்து மேலே போகும் அறிக்கைகள், மேலே இருப்பவர் எதைக் கேட்டால் சிக்கல் வராது என்ற கணக்கோடு எழுதப்படுகின்றன. ஒவ்வொரு மேசையிலும் கொஞ்சம் உண்மை கழிந்துவிடுகிறது.

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்துச் சம்பாப் பயிர் கருகியபோது இதை மிக அருகில் கண்டேன். உழவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். பல இறப்புகளுக்கு மாரடைப்பு, பழைய நோய், குடும்பத் தகராறு என்றே காரணம் எழுதப்பட்டது. செய்தியாளர்கள் அந்த வீடுகளுக்கே சென்று, எவ்வளவு கடன், எந்த வயல், எத்தனை முறை விதைத்தார் என்று கேட்டு எழுதினார்கள். அந்த ஊடகச் செய்திகளின் அடிப்படையில்தான் 2017 ஜனவரி முதல் வாரத்தில் தேசிய மனித உரிமைகள் ஆணையம் தானாக முன்வந்து தமிழக அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அமைச்சர்களும் உயர் அலுவலர்களும் அடங்கிய குழுக்கள் மாவட்டங்களுக்கு வந்தன. ஜனவரி 10 அன்று அப்போதிருந்த 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அறிவிக்கப்பட்டு, நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் முடிவானது. உழவர் சங்கங்களின் போராட்டத்தைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. அந்தப் போராட்டம் மாவட்ட எல்லையைத் தாண்டிக் கேட்டதற்குச் செய்திகள் காரணமாக இருந்தன என்பதே என் கருத்து.

பயிர்ச் சேதக் கணக்கெடுப்பு நடந்த நாள்களில், சிறிய இதழ் ஒன்றின் செய்தியாளர் என் அலுவலகத்துக்கு வந்தார். அவர் கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. அதில் ஒரு கிராமத்தின் புல எண்களும், ஒவ்வொன்றுக்கும் நேரே உண்மையில் உழுது விதைத்தவரின் பெயரும் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. எந்தப் புலத்தில் யார் என்ன பயிரிட்டார் என்று கிராமக் கணக்கில் எழுதும் எங்கள் அடங்கலோடு ஒப்பிட்டபோது பல இடங்களில் பெயர் வேறாக இருந்தது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்திருந்தும், டெல்டாவில் வாய்மொழிக் குத்தகை இன்றும் பெருவழக்கு. பயிரை இழந்தவர் ஒருவராகவும் நிவாரணம் பெறுபவர் நகரத்தில் குடியிருக்கும் நில உரிமையாளராகவும் ஆகிவிடுவது அதனால்தான். அந்த நோட்டை அடிப்படையாகக் கொண்டு மறுபடி புலத்தணிக்கை செய்யச் சொன்னேன். எல்லோருக்கும் நியாயம் கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அடங்கலில் இல்லாத மனிதர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது முதன்முறையாக எழுத்தில் ஏறியது.

பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தையும் 1958 முதல் 1961 வரையிலான சீனப் பஞ்சத்தையும் பற்றி எழுதியவற்றைப் பிற்பாடு படித்தபோது இந்த நோட்டே நினைவுக்கு வந்தது. வங்கத்தில் அரசு பஞ்சத்தை முறைப்படி அறிவிக்கவே இல்லை. இயான் ஸ்டீபன்ஸ் ஆசிரியராக இருந்த கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ 1943 ஆகஸ்டில் பட்டினிச் சாவுகளின் படங்களை வெளியிட்ட பிறகே வெளியுலகம் அதிர்ந்தது. சீனாவிலோ உள்ளூர் அலுவலர்கள் அனுப்பிய பொய்யான விளைச்சல் கணக்கை மறுத்துச் சொல்ல ஒரு செய்தித்தாளும் இல்லாததால், கையில் இருப்பதைவிடப் பத்துக் கோடி டன் தானியம் அதிகமாக இருப்பதாக அரசே நம்பிக்கொண்டிருந்தது என்கிறார் சென். வட்டாட்சியர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த எவருக்கும் இது வியப்பாக இருக்காது.

வட்டாரச் செய்தியாளர்

வட்டாட்சியர் ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். செய்தி சார்பற்றதாக இருப்பதும் இல்லாததும் பெரும்பாலும் செய்தியாளரின் துணிவைப் பொறுத்தது அன்று. அவருக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. வட்ட அளவில் வேலை செய்யும் எங்களில் பலருக்கு மாதச் சம்பளம் என்பதே பெயரளவுக்குத்தான். தீபாவளி, பொங்கல் சிறப்பிதழ்களுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் கிடைக்கும். ஒரு வாரம் அரிசி ஆலை உரிமையாளரிடம் விளம்பரம் கேட்டுவிட்டு, மறுவாரம் அந்த ஆலையின் கழிவுநீர் வாய்க்காலில் கலப்பதை எவ்வாறு எழுதுவது? நான் முன்பு வேலை செய்த நாளிதழில், உழவர்களிடம் அரசு நெல் வாங்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையம் பற்றி நான் அனுப்பிய செய்தி, அரசு விளம்பரம் நின்றுவிடும் என்ற அச்சத்தால் வெளிவரவில்லை. நிலையத்தில் மழையில் நனைந்த நெல் முளைவிட்டுக் கிடந்தது. ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்று உழவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த அதே இடத்தில், சிப்பத்துக்கு (மூட்டைக்கு) இவ்வளவு என்று லஞ்சம் கொடுத்தவர்களின் நெல் மட்டும் எடைக்குப் போனது.

இப்போது சந்தாதாரர்களை நம்பி நண்பர்களோடு ஒரு சிறிய யூடியூப் சேனல் நடத்துகிறேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு தமிழ்நாட்டுக்கு ஈரப்பத வரம்பை 19 விழுக்காடு வரை தளர்த்துவதற்கு முன், ஈரப்பதமானி காட்டும் எண்ணைக் களத்திலேயே படம் பிடித்து வெளியிட்டோம். எங்கள் காணொளியால்தான் தளர்த்தினார்கள் என்று உரிமை கொண்டாட மாட்டேன். ஆய்வுக்கு வந்த அலுவலர்களிடம் காட்ட உழவர்களின் கைப்பேசியில் ஒரு சான்று இருந்தது.

வழக்கறிஞர் நோட்டீஸ் வந்து பயப்படும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ‘நக்கீரன்’ இதழின் ஆசிரியர் ராஜகோபால் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994இல் அளித்த தீர்ப்பைப் படியுங்கள். அவதூறாக இருக்கக்கூடும் என்ற அச்சத்தால் ஒரு செய்தியை அச்சிடுவதற்கு முன்பே தடுக்கும் அதிகாரம் அரசுக்கோ அதன் அலுவலர்களுக்கோ இல்லை என்று அது தெளிவாகக் கூறுகிறது. உண்மையைச் சரிபார்த்து எழுதியவருக்கு அது வலுவான துணை. சரிபார்க்காமல் எழுதுகிறவரை அது காப்பாற்றாது, காப்பாற்றவும் கூடாது.

உழவர், கல்லணைக் கால்வாய்க் கடைமடை

இருவரும் சொன்னது உண்மை என்றாலும், செய்தி ஒரு நாளோடு முடிந்துபோவதுதான் எங்களுக்குக் குறை. கால்வாயின் கடைசிப் பாசனப் பகுதியான கடைமடையைத் தண்ணீர் எட்டிவிட்டதாக அறிவிப்பு வந்த நாளில் எங்கள் வாய்க்காலில் கோரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தன. செய்தியாளரான ஒரு தம்பி வந்து, தூர்வாரும் பணிக்கான அறிவிப்புப் பலகையையும் அதற்குப் பின்னால் தூர்ந்துபோன வாய்க்காலையும் ஒரே படத்தில் எடுத்துப் போட்டார். பொறியாளர் வந்தார், பொக்லைன் வந்தது, பாதி தூரம் வேலை நடந்தது. அதற்குப் பிறகு செய்தியாளரும் வரவில்லை, பொக்லைனும் வரவில்லை.

மறு ஆண்டு நாங்கள் பெண்கள் சிலராகச் சேர்ந்து தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் தூர்வாரும் பணியின் மதிப்பீட்டு நகலை வாங்கினோம். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எவ்வளவு ஆழம் என்று அதில் இருந்ததை, வேலை தொடங்கிய அன்றே அந்தத் தம்பிக்கு அனுப்பினோம். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று கட்டமாக வந்து எழுதினார். அந்த ஆண்டு மதகு வரை வெட்டினார்கள். அடுத்த தூர்வாரலுக்கான மதிப்பீடு கேட்டு மனு போட்டிருக்கிறோம். பேராவூரணிப் பக்கம் செய்தி சேகரிக்கும் நண்பர்கள் யாராவது இருந்தால், நகல் வந்ததும் அனுப்பிவைக்கிறோம், வேலை முடியும்வரை உடன் இருங்கள்.