பிரைவசி பொலிசிக்கு ஓம் எண்டு அமத்தினதால மச்சாளுக்கு நடந்தது

போன வருசம் மச்சாளுக்கு அவசரமா காசு தேவைப்பட்டு, பேஸ்புக் விளம்பரத்தைப் பாத்து ஒரு லோன் ஆப் போனில இறக்கினவா. ஏழு நாள் தவணை, கட்ட ரெண்டு நாள் பிந்திப்போச்சு. அடுத்தநாள் விடிய எனக்கு ஒரு கோல், "உங்கட சொந்தக்காரர் காசை வாங்கிப்போட்டு ஒளிச்சிட்டா" எண்டு. எனக்கு மட்டுமில்லை, மகன்ர ரியூசன் மாஸ்டருக்கு, கோயில் ஐயருக்கு, மருதனார்மடம் சந்தையில மரக்கறி விக்கிற அக்காவுக்குக்கூட எடுத்திருக்கினம். மச்சாள் ரெண்டு கிழமை வெளியிலயே வரேல்லை.

நான் திருப்பி எடுத்து, ஆரைக் கேட்டு நம்பரெல்லாம் எடுத்தனீங்கள் எண்டு கேட்டன். அந்தப் பெடியன் ஆறுதலாச் சொல்லுறான், "பொலிசியில எழுதிக் கிடக்கு, அவா ஓம் எண்டு அமத்தினவா". உங்கட தகவலில எதை எடுப்பம் எண்டு ஆப்காரர் எழுதிவைக்கிறதுதானே பிரைவசி பொலிசி, போய்ப் பாத்தா உண்மைதான், முழுக்க இங்கிலீஸ், தள்ளித் தள்ளிக் கை உளையுது, நடுவில நம்பரெல்லாம் எடுப்பம் எண்டு ஒரேயொரு வரி. மச்சாளுக்கு இங்கிலீஸ் வாசிக்கத் தெரியாது. அப்ப அந்தப் பொலிசி ஆரைக் காப்பாத்தினது?

—

அக்கா, நான் டவுனில போன் திருத்திற கடையில நிக்கிறன், மாசத்தில ஒரு ஆளாவது இப்பிடி வருவினம். பிளே ஸ்டோரில உள்ள லோன் ஆப்புகள் கொன்டாக்ட், போட்டோ தொடக்கூடாது எண்டு 2023 மே 31 இல இருந்து விதி இருக்கு. பொலிசியில என்ன எழுதினாலும் சரி, தொடக்கூடாது. லிங்க் அமத்தி வெளியால இறக்கினா அந்த விதி அங்க செல்லாது. மச்சாள் எப்பிடி இறக்கினவா?

—

பொலிசி சும்மா எண்டு நான் சொல்லமாட்டன். 2013 இல அமெரிக்காவில பிரைட்டெஸ்ட் பிளாஷ்லைட் எண்ட டோச் ஆப், ஆக்கள் நிக்கிற இடத்தை விளம்பரக்காரருக்குக் குடுத்துக்கொண்டிருந்தது, வேண்டாம் எண்டு அமத்த பட்டன் வச்சிருந்தவை, ஆனா அமத்த முதலே எடுக்கத் துடங்கியிருக்கு. தங்கட பொலிசியில அதைச் சொல்லாம மறைச்சபடியாத்தான் பாவனையாளரைப் பாக்கிற அந்த நாட்டு அரச அமைப்பு, பெடரல் ட்ரேட் கமிஷன், பிடிச்சது. அங்க கேக்க ஆள் இருந்தது. எங்கட இலங்கையின்ர 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்க தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் எண்டா விளங்கித் தாற சம்மதம் எண்டுதான் சொல்லுது. விளங்காத மொழியில வாங்கினது என்ன சம்மதம்?

—

ஓம் தம்பி, லிங்கிலதான் இறக்கினவா. உங்கட மெசேஜ் பாத்திட்டு அம்மான்ர போனை எடுத்துத் தட்டிப் பாத்தன், பஞ்சாங்கம் பாக்கிற ஆப்புக்குக் கொன்டாக்ட் திறந்து கிடக்கு. நிப்பாட்டிப்போட்டன், பஞ்சாங்கம் இப்பவும் வடிவா வேலை செய்யுது.