மறு: ஸ்கான் விம்பத்தில் தானாக நகர்ந்து கட்டியைச் சுற்றிப் படியும் கோடு, தமிழில் என்ன?

விரிவுரையாளர், அறிவியல் நகர்

அனைவருக்கும் வணக்கம். ஸ்கான் பிரிவுகளில் வேலை செய்பவர்களுக்கும் உயர்தர மாணவர்களுக்குமாக ஒரு கையேடு எழுதுகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'அக்டிவ் கொன்ரூர்' (active contour) என்பதற்குத் தமிழ்ச்சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

விடயம் இதுதான். விம்பத்தில் கட்டியைச் சுற்றி ஒரு மூடிய கோடு போடுகிறோம். அந்தக் கோட்டுக்கு ஒரு சக்தி கணிக்கப்படுகிறது. கோடு நீண்டாலோ கூடுதலாக வளைந்தாலோ உட்சக்தி ஏறும். வெளிச்சம் சடுதியாக மாறுகிற இடத்தில், அதாவது படித்திறன் பெரிதாக உள்ள இடத்தில் படிந்தால் புறச்சக்தி இறங்கும். மொத்தச் சக்தி இழிவாகும்வரை, அதாவது ஆகக் குறையும்வரை, கோடு நகர்ந்துகொண்டே இருக்கும். 1988இல் இதை வெளியிட்ட காஸ், விற்கின், தேர்சோபூலொஸ் மூவரும், நெளிந்து போவதால் 'பாம்பு' என்றே பெயர் வைத்தார்கள். நான் இப்போதைக்கு 'தொழிற்படு விளிம்பு' என்று எழுதியிருக்கிறேன். மனதுக்குப் பிடிக்கவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மாங்குளம்

தம்பி, வினைத்தொகையாக அமைத்தது சரி. ஆனால் 'தொழிற்படு' வாயில் கனக்கிறது. 'ஊர்வரை' என்று வையுங்கள். காலம் கரந்த பெயரெச்சம் அல்லவா? ஊர்ந்த, ஊர்கின்ற, ஊரும் என்ற மூன்றும் அதற்குள் அடங்கும். நீங்கள் சொல்லும் கோடும் அப்படித்தானே, நேற்றைய நிலையிலிருந்து நாளைய நிலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

'வரை' ஆழமான சொல். கோடு கீறுவதும் வரைதல், எல்லை கட்டுவதும் வரைதல். வரி, வரிசை, வரம்பு எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. அகத்திணையில் தலைவன் தலைவியை மணப்பதும் வரைவுதான். இன்னார்க்கு இன்னார் என்று எல்லை கட்டுவதால் அந்தப் பெயர் வந்திருக்கும். மலையை வரை என்பதும் நாட்டுக்கு எல்லையாக நிற்பதால் இருக்கலாம். மூங்கிலுக்கும் அந்தப் பெயர் உண்டு. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

ஸ்கான் பிரிவு ஊழியர், வவுனியா

ஐயா, குறை நினைக்காதேங்கோ. 'ஊர்வரை' என்று வாசித்தால் எங்கள் ஆட்களுக்கு 'ஊர் வரைக்கும்' என்றுதான் விளங்கும். பாம்பும் வேண்டாம். வன்னியில் பாம்புக்கடி வராத வைத்தியசாலை இல்லை. அறிக்கையில் அந்தச் சொல்லைக் கண்டால் நோயாளியின் வீட்டார் பதறிப் போவார்கள்.

உறுப்பினர், கோயம்புத்தூர்

சொல்லாக்கத்தில் இறங்கியாயிற்று, அப்புறம் ஏன் 'சக்தி', 'விம்பம்'? ஆற்றல், படிமம் என்று நல்ல தமிழில் எழுதலாமே. 'இயங்கு விளிம்பு' போதும் என்பது என் கருத்து.

கணித ஆசிரியை, முள்ளியவளை

எங்கள் பிள்ளைகள் ஆண்டு ஆறிலிருந்து சக்தி என்றே படிக்கிறார்கள். உயர்தர வினாத்தாளிலும் அதுதான் வரும். ஒரு கையேட்டுக்காக அதை மாற்றிப் பிள்ளைகளைக் குழப்ப நான் சம்மதிக்க மாட்டேன்.

'விளிம்பு' இன்னொரு காரணத்துக்காகவும் கூடாது. விம்பத்தில் வெளிச்சம் சடுதியாக மாறும் இடத்தை ஏற்கெனவே விளிம்பு என்கிறோம். 2001இல் சானும் வேசேயும் கொடுத்த முறை அந்த விளிம்பைத் தேடுவதே இல்லை. கோட்டுக்கு உள்ளே சராசரி வெளிச்சம் எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று பார்த்து இரு பக்கமும் தன் சராசரியை ஒட்டி நிற்கும்படி கோட்டை நகர்த்துகிறது. எல்லை மங்கலான விம்பங்களுக்கு அதன் பெறுமதி அதுதான். அந்த முறையை 'விளிம்பில்லா இயங்கு விளிம்பு' என்றா எழுதுவது? உருவத்தின் புறக்கோட்டுக்கு 'உருவரை' என்ற சொல் இருக்கிறது. 'விளிம்பில்லா இயங்கு உருவரை' என்றால் முரண் இல்லை. ஐயாவின் 'வரை'யும் அதற்குள் வந்துவிடுகிறது. கொன்ரூருக்கு வழங்கும் இன்னொரு சொல்லான சமவுயரக்கோடு புவியியலுக்கு உரியது, அதைத் தொட வேண்டாம்.

தமிழாசிரியர், மாங்குளம்

உருவரை நன்று. ஆனால் 'இயங்கு' குற்றியலுகரம். உயிர் வந்தால் உகரம் கெட்டு 'இயங்குருவரை' ஆகும். பிரித்து எழுதுவதை நான் ஏற்கவில்லை.

ஸ்கான் பிரிவு ஊழியர், வவுனியா

சேர்த்தெழுதினால் 'குருவரை' என்று வாசிப்பார்கள் ஐயா. பிரித்தே எழுதுங்கோ.

விவசாயி, துணுக்காய்

நான் கணினி படித்தவன் இல்லை, மடல்களை வாசித்து வருகிறேன். எங்களிடம் ஒரு சொல் உண்டு: அலைகரை. ஆடி ஆவணியில் குளம் வற்ற வற்றத் தண்ணீரின் ஓரம் உள்ளே போகும். பள்ளங்களில் போய்ப் படியும். சிலவேளை நடுவே திட்டி கிளம்பி ஒரு குளம் இரண்டு மடுவாகப் பிரியும். நீங்கள் சொல்லுவது இதைத்தானே? வெளியிலிருந்து சொல் தேடுவானேன்?

விரிவுரையாளர், அறிவியல் நகர்

அண்ணை, நீங்கள் சொன்னது முதல் முறையை விட அடுத்ததற்கே அச்சொட்டாகப் பொருந்துகிறது. 1988இன் பாம்பு தானாக இரண்டாகப் பிரியாது. அதே ஆண்டில் ஓஷரும் செதியனும் கொடுத்த முறையில் கோட்டை நேரடியாக நகர்த்துவதில்லை. ஒரு மேற்பரப்பை மாற்றிக்கொண்டு போகிறார்கள், அது பூச்சிய மட்டத்தில் வெட்டும் ஓரந்தான் கோடு. அதனால் பிரிவதும் சேர்வதும் இயல்பாகவே நடக்கும். ஒரே ஸ்கானில் இரண்டு கட்டிகள் தள்ளித் தள்ளி இருந்தால் இந்த முறைதான் உதவும். ஆனால் அலைகரை என்றால் இன்று குளத்துக்குரிய ஒதுக்குக் காணியைத்தான் பலர் நினைக்கிறார்கள். அது நகராத எல்லை.

கையேட்டில் 'இயங்கு உருவரை' என்று பிரித்தே போடுகிறேன். சக்தி, விம்பம் அப்படியே இருக்கும். அலைகரையை விளக்கத்தில் சேர்க்கிறேன். அந்த ஓஷர், செதியன் முறைக்கு ஆங்கிலத்தில் 'லெவல் செட்' (level set) என்று பெயர். 'செட்' என்பதைத் தொடை என்னும் எங்கள் கணித வழக்குப்படி 'மட்டத்தொடை முறை' என்று எழுதலாமா?

கணித ஆசிரியை, முள்ளியவளை

சரி.

உறுப்பினர், கோயம்புத்தூர்

பெரும்பான்மைக்கு உடன்படுகிறேன், 'சக்தி' நீங்கலாக.

ஸ்கான் பிரிவு ஊழியர், வவுனியா

சேர், 'தொடை' வேண்டாம். எங்கள் பிரிவில் தொடை என்றால் கால்தான். தொடையெலும்பு ஸ்கான் என்றே நினைப்பார்கள்.

கணித ஆசிரியை, முள்ளியவளை

தொடை என்பதைத்தான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறோம். 'கணம்' என்று மாற்றினால் பிள்ளைகள் நொடிப்பொழுது என்று எடுப்பார்கள்.

விவசாயி, துணுக்காய்

அதற்காவது அலைகரை முறை என்று போடுங்கோவன். காணி ஒதுக்கியவர்கள் வர முன்னமே அந்தச் சொல் இருந்தது. நான் விடமாட்டேன்.