'தீம்' என்பதற்குத் தமிழ்: 'கோலம்' என்று வைப்போமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

வலைப்பதிவின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புத் தொகுதியான 'தீம்' (theme) என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று இங்கே நடக்கும் பேச்சைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். திருகோணமலையில் கோயில்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் வலைப்பதிவு அமைத்துக் கொடுப்பவன் என்ற முறையில் என் பங்குக்கு ஒரு சொல்லை முன்வைக்கிறேன்: கோலம்.

சொல்லுக்குப் போக முன்னர் பொருளைப் பார்ப்போம். வலைப்பதிவு மென்பொருளான வேர்ட்பிரஸுக்குத் தீம் வந்தது 2005 பெப்ரவரியில் வெளியான 1.5 பதிப்பில். அதற்கு முன் தோற்றத்தை மாற்ற வேண்டுமென்றால் மென்பொருளின் சொந்தக் கோப்புகளிலேயே கைவைக்க வேண்டும். அதன் பிறகு தோற்றம் தனியொரு கோப்புறைக்குள் போய்விட்டது. நாம் எழுதியது தரவுத்தளத்தில் கிடக்கிறது, அதை எப்படிக் காட்டுவது என்பது கோப்புறையில் இருக்கிறது. ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டினாலும் எழுதியது குலையக் கூடாது. தீமின் உயிர் இதுதான்.

நல்லது எது, ஆகாதது எது என்பதும் முதலில் இங்கேதான் தெரியவரும். விலைக்கு விற்கும் சில தீம்கள் படத்தொகுப்பு, பொத்தான், பத்திப் பிரிப்பு எல்லாவற்றையும் தமக்கே உரிய குறுங்குறிகளாக, அதாவது சதுர அடைப்புக்குறிக்குள் இடும் சிறு கட்டளைகளாக, பதிவுக்குள் எழுத வைக்கும். வேறொன்றுக்கு மாறிய அன்று கட்டுரை நெடுகச் சதுர அடைப்புக்குறிகள்தான் மிஞ்சும். இப்படியான வேலைகளைத் தீமில் வைக்காதே, செருகுநிரலில் (மென்பொருளோடு தனியே சேர்க்கும் துணை நிரல், plugin) வை என்று வேர்ட்பிரஸின் தீம் கிடங்கில் விதியே இருக்கிறது.

சரி, இதுவரை வந்த சொற்களுக்கு வருவோம். 'வார்ப்புரு' வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சொல் நல்லதுதான், ஆனால் ஒரு வகைப் பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் அச்சான டெம்பிளேட்டுக்கு (template) அது ஏற்கெனவே நிலைத்துவிட்டது, தமிழ் விக்கிப்பீடியாவிலும் அதே பொருளில்தான் புழங்குகிறது. ஒரு தீமுக்குள் பல வார்ப்புருக்கள் இருக்கும்: தனிப் பதிவுக்கு ஒன்று, தேடல் முடிவுக்கு ஒன்று, காணாமற்போன பக்கத்துக்கு ஒன்று. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டி வரும்போது என்ன செய்வோம்?

'கருப்பொருள்' பல மென்பொருள்களில் ஏறியிருக்கிறது. அகராதியில் தீமுக்கு நேரே இருப்பதைத் தூக்கி வைத்த வேலை அது. ஒரு கட்டுரையின் கருப்பொருள் என்றால் அது எதைப் பற்றியது என்பது, உள்ளே இருப்பது. நாம் பேசுவதோ முழுக்க முழுக்க வெளியே இருப்பதைப் பற்றி. தெய்வம், உணவு, மரம், பறை, யாழ் என்று திணைக்குரியவற்றைச் சொல்லத் தொல்காப்பியம் ஆண்ட சொல்லை நிறத்துக்கும் எழுத்துருவுக்கும் ஒட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

'தீம்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று கோயம்புத்தூர் நண்பர் எழுதியிருந்தார். பேச்சில் நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் இரண்டாம் வேற்றுமை உருபைச் சேர்த்துப் பாருங்கள். தீம், தீமை. 'தீமை நிறுவு', 'தீமைச் செயற்படுத்து' என்று ஒரு பொத்தானில் எழுத முடியுமா? மென்பொருள் இடைமுகத்தில் பாதிச் சொற்றொடர்கள் ஐ உருபு ஏற்றுத்தான் வரும். 'தீமினை' என்று சுற்றிப் போகலாம், ஆனால் எல்லாப் பொத்தான்களிலும் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

'கோலத்தை நிறுவு', 'கோலத்தை மாற்று', 'இந்தக் கோலத்தில் எத்தனை வார்ப்புருக்கள்' என்று சொல்லிப் பாருங்கள். எங்கும் இடறவில்லை. மணக்கோலம், தவக்கோலம் என்கிறோமே, ஆள் அதே ஆள்தான், பூண்டிருப்பது மட்டும் வேறு. எங்கள் ஊரில் பத்திரகாளி அம்பாள் கோயில் திருவிழாவில் சாத்துப்படி மாறும், அம்பாள் மாறுவதில்லை. தீம் செய்ய வேண்டியதும் அதேதான்.

வாசலில் மாவால் போடும் கோலம்தானே முதலில் நினைவுக்கு வரும் என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். வரும்தான். ஆனால் 'இணைப்பு', 'கோப்பு' என்றெல்லாம் நாம் எடுத்த சொற்களுக்கும் முன்பே வேறு பொருள் இருந்தது. இடம் பார்த்து வாசகர் பிரித்தறிந்துகொள்வார்.

இனி, ஒரு கோலம் தமிழுக்குப் பொருந்துமா என்பதை நான் எப்படிப் பார்க்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சொல்லை அன்றாடம் புழங்கப்போவது இந்த வேலையில்தான். பெரும்பாலான கோலங்கள் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. முதலில் தலைப்பில் 'திருக்கோணமலைப் பிரதேசத்துக்குரிய' என்பது போல நீளமான ஒன்றை இட்டு, போனில் திறந்து பார்ப்பேன். ஒரு சொல்லே திரையைத் தாண்டி வெளியே ஓடினால் அந்தக் கோலத்தில் சொல்லை மடிக்க ஏற்பாடு செய்யவில்லை என்று அர்த்தம். அப்புறம் வரி இடைவெளி. மேலே விசிறி எழும் 'கீ'யும் கீழே இறங்கும் 'ழு'வும் அடுத்தடுத்த வரிகளில் முட்டிக்கொள்ளக் கூடாது. எழுத்தின் அளவைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறைந்த வரி உயரம் தமிழுக்குப் போதாது என்பது என் கணிப்பு, 1.7 வைத்தால் கண் நிம்மதியாக ஓடும். மேற்கோள்களைச் சாய்வெழுத்தில் காட்டும் கோலங்களைத் தவிர்த்துவிடுவேன். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவமே கிடையாது, உலாவி நேர் எழுத்தைத் தள்ளிச் சரித்துக் காட்டுகிறது, அது வாசிக்கும் எழுத்தாக இருப்பதில்லை. முகப்பில் காட்டும் சுருக்கத்துக்கு வேர்ட்பிரஸ் இயல்பாக 55 சொற்கள் எடுக்கும். நம் சொற்கள் நீளமானவை, அதே 55 சொல் கட்டத்தை நிரப்பி வழியும்.

வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் வைக்கும் மோகமும் இருக்கிறது. பார்வைக் குறைபாடு போன்றவை உள்ளவர்களும் தளத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக, இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி (W3C) வகுத்த அணுகல்தன்மை வழிகாட்டுதலின் ஏஏ (AA) நிலைப்படி சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 என்ற நிறவேறுபாடு வேண்டும். நிலாவெளி வெயிலில் நின்று போனில் வாசிப்பவருக்கு அதுவும் போதாது.

துணைச் சொற்கள்: மென்பொருளோடு வருவது இயல்புக் கோலம், கறுப்புப் பின்னணியுள்ளது இருட்கோலம். ஒரு கோலத்தைச் சார்ந்து, அதன் புதுப்பிப்பால் நம் மாற்றங்கள் அழியாதபடி தனியே வைப்பது சேய்க்கோலம், அது சார்ந்திருப்பது தாய்க்கோலம்.

வேர்ட்பிரஸில் இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் மொழிபெயர்ப்பு தனித்தனியாக நடக்கிறது. 'கணினி', 'கணனி' என்று இரு கரையிலும் இரண்டாகப் போனது போல இதுவும் போக வேண்டாம். ஆகவே தமிழகத்து நண்பர்கள் தங்கள் பேச்சில் 'கோலத்தை மாற்று' எப்படி ஒலிக்கிறது என்று கட்டாயம் எழுதுங்கள். சேய்க்கோலத்தைவிடக் 'கிளைக்கோலம்' எளிது என்று யாருக்காவது பட்டால் அதையும் சொல்லுங்கள். எதிர்ப்பு இல்லையென்றால் இலங்கைத் தமிழ்ப் பக்கத்தில் இந்தச் சொற்றொடர்களைப் பரிந்துரையாக ஏற்றிவிட்டு இங்கே அறிவிக்கிறேன்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து