மாற்றிய புஷ் பத்து மாதத்தில் கிழிந்துவிட்டது. ஸ்பிரிங்கையும் நானே மாற்றலாமா?

கேள்வி

வணக்கம். 1,40,000 கிலோமீட்டர் ஓடிய என் காரில் முன்பக்க லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை) புஷ்கள், அதாவது அதன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளைகள், நான்கையும் சென்ற ஆண்டு வீட்டிலேயே மாற்றினேன். நீண்ட போல்ட், தடித்த வாஷர்கள், அளவான இரும்புக் குழாய்த் துண்டு ஆகியவற்றைக் கொண்டு பழைய புஷ்ஷை இழுத்து வெளியேற்றி, புதியதையும் அதே முறையில் ஏற்றினேன். பத்து மாதம்கூட ஆகவில்லை; பள்ளத்தில் இறங்கினால் ‘டொக்’ என்ற பழைய சத்தம் மீண்டும் கேட்கிறது, பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் லேசாக ஒரு பக்கம் இழுக்கிறது. அடியில் படுத்துப் பார்த்ததில், பின்புறப் புஷ் இரண்டிலும் ரப்பர் உள்குழாயை ஒட்டிப் பிறை வடிவில் கிழிந்திருந்தது. இது பொருளின் குறையா, என் வேலையின் குறையா? வண்டி இடது முன்பக்கம் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் தாழ்ந்தும் நிற்பதால், ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்ற நினைக்கிறேன்.

முதல் பதில்

பொருளைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றை நினைவுபடுத்திப் பாருங்கள்: ஆர்மின் போல்ட்டுகளை இறுதியாக முறுக்கியபோது சக்கரம் தரையில் இருந்ததா, அந்தரத்தில் தொங்கியதா?

ரப்பர் புஷ் பேரிங்கைப் போலச் சுழல்வதில்லை. உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ரப்பர் ஒட்டப்பட்டிருக்கும். போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் வண்டியின் சட்டத்தோடு இறுகிவிடும். அதன்பின் ஆர்ம் மேலும் கீழும் அசைவதெல்லாம் ரப்பர் முறுகிக் கொடுப்பதால்தான். ஆர்ம் தொங்கும் நிலையில் முறுக்கிவிட்டு வண்டியைக் கீழே இறக்கினால், சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுகிய நிலையில் இருக்கும்; ஒவ்வொரு பள்ளமும் அதை இன்னும் முறுக்கும். உள்குழாயை ஒட்டிக் கிழிந்திருப்பதாக நீங்கள் எழுதியிருப்பதும் அதையே காட்டுகிறது.

ஆகவே, வேலையைத் தொடங்கும் முன் வண்டி தரையில் நிற்கும்போதே சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளை முதலில் கையிறுக்கமாக மட்டும் பூட்டி, வண்டியைச் சாய்தளத்தின் மேல் நிறுத்தியோ, சக்கரம் பொருந்தும் பகுதியை ஜாக்கியால் அந்த அளவுக்கு உயர்த்தியோ, அதன் பிறகே டார்க் ரெஞ்சால் (குறித்த இறுக்கம் வந்ததும் தெரிவிக்கும் ஸ்பேனர்) முறுக்க வேண்டும். எந்த முறையானாலும் ஸ்டாண்டும் சக்கரத்தடையும் இல்லாமல் அடியில் போகாதீர்கள். ஏற்றும்போது அழுத்தம் வெளிக்குழாயின் விளிம்பில்தான் விழ வேண்டும். ரப்பரில் வெற்றிடங்கள் உள்ள புஷ்ஷானால் அவை எந்தத் திசையைப் பார்த்திருந்தன என்பதைப் பழையதைக் கழற்றுமுன் பெயிண்டால் ஆர்மில் குறித்துவிடுவது நல்லது.

இரண்டாம் பதில்

ஸ்பிரிங்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். புஷ்ஷில் தவறு செய்தால் பணம் போகும். ஸ்பிரிங்கில் தவறு செய்தால் கை போகும். ஸ்ட்ரட்டில் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுதி) ஸ்பிரிங் சுருள் அமுங்கிய நிலையிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. கம்ப்ரஸரால் (கொக்கிகளால் சுருளைப் பிடித்து அமுக்கும் கருவி) சுருளை மேலும் அமுக்கி, மேல் தட்டில் அதன் அழுத்தம் முற்றிலும் நீங்கியதைக் கையால் அசைத்து உறுதி செய்யாமல், ஸ்ட்ரட்டின் நடு நட்டை ஒரு சுற்றுகூடத் தளர்த்தக் கூடாது. கொக்கிகளை நேரெதிராக மாட்டி, இரண்டு பக்கமும் சில சுற்றுகளாக மாறி மாறி, கைக் கருவியால் மட்டுமே இறுக்க வேண்டும். இம்பாக்ட் கன் (அடித்து அடித்து முறுக்கும் இயந்திரம்) கம்ப்ரஸரின் மரையைத் தின்றுவிடும். வேலை முடியும்வரை சுருளின் முனைக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள்.

முதல்முறை செய்பவருக்கு என் யோசனை இதுதான்: ஸ்ட்ரட்டை முழுதாக வீட்டில் கழற்றி, சுருள் மாற்றுவதை மட்டும் சுவரில் பொருத்திய கம்ப்ரஸர் உள்ள பட்டறையில் செய்துகொண்டு, திரும்ப நீங்களே பூட்டுங்கள். இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்ற வேண்டும். கழற்றும்போது பிரேக் காலிப்பரை அதன் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். ஆனால் ஒரு பக்கம் மட்டும் 15 மில்லிமீட்டர் இறங்கியிருப்பது தேய்மானம்போல் தெரியவில்லை. இடது சுருளின் அடிச்சுற்றை விளக்கடித்துப் பாருங்கள்.

மூன்றாம் பதில்

இம்முறை பாலியூரித்தேன் புஷ் போடலாமே? அதில் உள்குழாய் தனியாகச் சுழலும் என்பதால் முறுகல் தொல்லையே இல்லை.

முதல் பதிலளித்தவர்

உண்மைதான், ஆனால் அந்தக் குழாய்க்கு உரிய கிரீஸ் வற்றினால் கிறீச்சிடும், சாலையின் அதிர்வும் கூடுதலாக உள்ளே வரும். அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு நான் ரப்பரையே போடுவேன். ரப்பருக்கு மட்டும் எண்ணெயோ சாதாரண கிரீஸோ தடவிவிடாதீர்கள், உப்பிக் கெட்டுவிடும். சோப்புத் தண்ணீரே போதும்.

கேள்வி கேட்டவர்

வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: அன்று இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் தொங்கியபோதே, டார்க் ரெஞ்ச் ‘கிளிக்’ என்று சொல்லும்வரை பெருமையாக முறுக்கினேன். இடது சுருளையும் பார்த்தேன். அடிச்சுற்றில் முக்கால் பங்கு முறிந்து, துருவேறிய முனை டயரிலிருந்து ஒரு விரல் இடைவெளியில் நிற்கிறது. பெயிண்ட் உரிந்த இடத்தில்தான் முறிவு. ஸ்ட்ரட்டைக் கழற்றும்வரை வண்டியை எடுக்கப் போவதில்லை. வீல் அலைன்மென்ட்டை உடனே பார்க்க வேண்டுமா?

இரண்டாம் பதிலளித்தவர்

டயரை முறிந்த முனை கிழிக்காமல் விட்டது உங்கள் நல்ல நேரம். புதுச் சுருளின் முனை அடித்தட்டின் படியில் சரியாக உட்கார்ந்ததைப் பார்த்துப் பூட்டிய பின், சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, சக்கர நட்டுகளை மீண்டும் சரிபார்த்துவிட்டு, அப்படியே அலைன்மென்ட்டுக்குக் கொண்டுபோங்கள்.