ஜிப்ஸி ஸ்பிரிங் ஓவர்: பின் ஆக்சில் முறுக்குதுக்கு டிராக்‌ஷன் பாரா, பட்டையா?

கரடுபாதை:
அண்ணன்மாருக்கு வணக்கம். வண்டி ஜிப்ஸி, 1.3 எம்பிஎஃப்ஐ இன்ஜின். ஆக்சிலுக்கு அடியில இருந்த லீஃப் ஸ்பிரிங் பட்டைக்கட்டை மேல மாத்தி ஸ்பிரிங் ஓவர் பண்ணி, 31 இன்ச் டயர் ஏத்தியாச்சு. வீல் நல்லா இறங்கணும்னு பின்னாடி ரெண்டு பட்டையைக் கழட்டியும் விட்டேன். சமப் பாதையில எந்தக் குறையும் இல்ல. பாறை ஏத்தத்துல லோ ஃபர்ஸ்ட்ல (மெதுவா, பலமா இழுக்கிற லோ ரேஞ்ச்ல முதல் கியர்) ஆக்சிலரேட்டர் கொடுத்தா மட்டும் பின்பக்கம் தடதடன்னு குதிக்குது. போன வாரம் பின் ஷாஃப்ட் கிராஸ் (ஷாஃப்ட் கோணம் மாறினாலும் சுத்த வைக்கிற இணைப்பு) போயிடுச்சு. ஒரு கப் முழுசா வெளிய வந்து, உள்ள இருந்த நீடில் பேரிங் எல்லாம் தூளாக் கிடந்தது. பட்டறையில டிராக்‌ஷன் பார் (ஆக்சில் முறுக்காமப் பிடிக்க, அதுல இருந்து சேசிஸ் சட்டத்துக்குப் போற இரும்புக் குழாய்) அடிக்கலாம்ங்கிறாங்க. கூட வர்ற நண்பர், கழட்டின பட்டையைத் திரும்பப் போடுங்கிறார். எதைச் செய்யலாம்?

பட்டறைவாசல்:
தம்பி, பார் போடுங்க. வீல் முன்னாடி உருளும்போது ஹவுசிங் (ஆக்சிலோட வெளிக் கூடு) எதிர்ப்பக்கமா உருளப் பார்க்கும். அதைப் பிடிச்சு நிறுத்த ஜிப்ஸியில தனியா ஆர்ம் எதுவும் கிடையாது, பட்டை மட்டும்தான். பினியன் மூக்கு (ஆக்சில்ல ஷாஃப்ட் வந்து சேர்ற முனை) மேல தூக்க, பட்டையோட முன்பாதி மேல வளைஞ்சு பின்பாதி கீழ வளைஞ்சு எஸ் மாதிரி ஆயிடும். டயர் பிடிப்பு விட்ட நொடி பட்டை படார்னு பழைய நிலைக்கு வரும், டயர் மறுபடி கவ்வும், மறுபடி முறுக்கும். நீங்க சொல்ற குதிப்பு அதுதான். ஒவ்வொரு குதிப்புக்கும் கிராஸ் ஒரு அடி வாங்குது. வண்டியைத் தாங்கறது ஒரு வேலை, முறுக்கைத் தாங்கறது இன்னொரு வேலை. முதல் வேலைக்காகப் பட்டையை மெலிசாக்கின பிறகு ரெண்டாவது வேலைக்குத் தனி ஆள் வேணும்.

சூரியநெல்லி டிரைவர்:
எனக்கு இதுல உடன்பாடு இல்ல. நான் சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுறவன். எங்க ஸ்டாண்டுல எந்த வண்டியிலயும் பார் கிடையாது. ஆளை நிறைய ஏத்திக்கிட்டு அந்தக் கல்லு ரோட்டுலதான் தினமும் போய் வர்றோம், குதிக்கிறதில்ல. பட்டைக்கட்டு முழுசா இருக்கு, அதை ஆக்சிலோட கட்டுற யு போல்ட்டை அப்பப்ப இறுக்குறோம், பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கிற கிளிப் ஒண்ணும் கழண்டு கிடக்காது. இந்தத் தம்பி பட்டையைக் கழட்டிட்டாரு, இப்ப பட்டை செஞ்ச வேலைக்கு இரும்புக் குழாய் தேடுறாரு. கழட்டினதைத் திரும்பப் போட்டா முடிஞ்சுது. இன்னொண்ணு, ஏத்தத்துல ஆக்சிலரேட்டரைக் குத்தக்கூடாது. லோ ஃபர்ஸ்ட்ல வண்டி தானா ஏறும்.

பட்டறைவாசல்:
அண்ணே, உங்க வண்டி ஸ்டாண்டர்ட் உயரம், ஸ்டாண்டர்ட் டயர், மேல எப்பவும் லோடு இருக்கு. லோடு ஏறினா பட்டைகள் ஒண்ணோட ஒண்ணு அழுந்தி நிக்கும். இவர் வண்டியில பின்னாடி ஒரு ஸ்டெப்னியும் டூல் பாக்ஸும்தான். ஸ்பிரிங் ஓவர்ல ஜிப்ஸி ஏறக்குறைய அஞ்சு இன்ச் உயரும். டயரும் பெருசு, தரையைக் கவ்வுற பலமும் அதிகம். ரெண்டு பட்டையைத் திரும்பப் போட்டா குதிப்பு குறையும், ஒத்துக்கிறேன். ஆனா பாறையில பின் வீல் ஒண்ணு அந்தரத்துல தொங்கும். அப்ப ஸ்பிரிங் ஓவர் பண்ணினதுக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும்.

கணக்குப்பிள்ளை:
ரெண்டு பேரும் அளவு சொல்லாமலே வாதாடுகிறீர்கள். இந்த இன்ஜினின் டார்க் 103 நியூட்டன் மீட்டர். முதல் கியர், லோ ரேஞ்ச், டிஃப்ரன்ஷியல் மூன்றும் சேர்ந்து அதை முப்பது மடங்குக்கு மேல் பெருக்கும். அதாவது 3,000-ஐத் தாண்டும். ஆனால் டயர் வழுக்கும் வரைக்கும்தான் அந்த முறுக்கு ஆக்சிலில் நிற்கும். செங்குத்தான ஏற்றத்தில் பின் ஆக்சில்மேல் 700 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். காய்ந்த பாறையில் பிடிப்பு (உராய்வுக் கெழு) 0.8, 31 இன்ச் டயரின் ஆரம் 0.39 மீட்டர். பெருக்கினால் சுமார் 2,100 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளமுள்ள பாரின் முன்முனை சேசிஸை 200 கிலோவுக்குச் சற்று மேலான விசையோடு மேலே தள்ளும். குதிக்கும்போது விழும் அடி இதைவிடப் பெரிது. ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டில் பிராக்கெட் வெட்டிப் பற்றவைத்தால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

பார் போடுவதானால் ஒன்றே ஒன்று, அதுவும் நடுப்பக்கமாக. இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு போட்டால் ஒரு வீல் ஏறி மறு வீல் இறங்கும்போது இரண்டும் ஆக்சிலை ஆளுக்கொரு கோணத்தில் திருப்பப் பார்க்கும், ஆக்சில் விறைத்துவிடும். ஆர்ட்டிகுலேஷனுக்காக, அதாவது வீல்கள் தனித்தனியாக ஏறி இறங்குவதற்காகச் செய்த செலவு வீண்.

சூரியநெல்லி டிரைவர்:
சார், 103 வர்றது 4,500 ஆர்பிஎம்ல. பாறையில அந்த ஆர்பிஎம்ல யார் ஏறுறா? காலை அடக்கினா பாதி பிரச்சினை போயிடும்னு நான் சொல்றது அதனாலதான்.

சரி, முழுப் பட்டை வேண்டாம்னா நடுவுல ஒரு வழி இருக்கு. முன்பாதிக்கு மட்டும் அரைப்பட்டை. மெயின் பட்டைக்குக் கீழ, சென்டர் போல்ட்டுல ஆரம்பிச்சு முன் கண்ணுக்கு (பட்டையை சேசிஸ்ல மாட்டுற வளையம்) கிட்ட வரைக்கும் போகும். பின்பாதிக்கு வராது. பட்டை அடிக்கிற கொல்லன்கிட்டச் சொன்னா அதே கேம்பருக்கு (வில் வளைவுக்கு) வளைச்சுக் கொடுப்பாரு. மூக்கு தூக்கும்போது முன்பாதியில கீழ்ப் பட்டைகளோட நுனி மெயின் பட்டையை முட்டித் தாங்குது, அங்க பலம் கூட்டினா முறுக்கு குறையும். பின்பாதியில பட்டைகள் பிரியப் பார்க்கும், அங்க கிளிப் டைட்டா இருக்கணும். லேத்தும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம்.

பட்டறைவாசல்:
அரைப்பட்டை நல்ல யோசனைதான், நானே அடிச்சுக் கொடுத்திருக்கேன். ரோட்டுக்கும் மண் பாதைக்கும் அது போதும். ஆனா அது முறுக்கைக் குறைக்கும், நிறுத்தாது. முன்பாதி விறைக்கிறதால வீல் இறங்குற அளவும் கொஞ்சம் குறையும். இவர் ஏறுறது பாறை.

பார்ல பெரும்பாலான பட்டறைகள் கோட்டை விடுற இடம் முன்முனை. பட்டை அழுந்தும்போது ஆக்சில் மேல போறதோட முன்பின்னாவும் நகரும். பாரோட முன்முனையை சேசிஸ்ல அசையாம போல்ட் பண்ணினா பட்டை ஒரு பாதையில இழுக்கும், பார் இன்னொரு பாதையில இழுக்கும். அப்புறம் பிராக்கெட் கிழியும், இல்லன்னா புஷ் (மாட்டுற இடத்துல இருக்கிற மெத்தை வளையம்) போயிடும். அதனால முன்முனையில ஒரு ஷேக்கிள் (ஊசலாடுற இணைப்புத் தகடு) வேணும், அது செங்குத்தா நிக்கணும். முன்பின் அசைவை அது விட்டுக்கொடுக்கும், மேல் கீழ் தள்ளலை மட்டும் வாங்கிக்கும். அந்த முனையில பக்கவாட்டுல திருகற மாதிரி ஜாயின்ட் இருக்கணும். பின்முனையில ஹவுசிங் குழாய்க்கு மேல ஒரு பிடி, கீழ ஒரு பிடி. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி கிடைக்குதோ அவ்வளவு நல்லது. ஒரே பிடியில மாட்டின பார் முறுக்கைத் தாங்காது, ஆக்சிலோட சும்மா ஆடும்.

புதுவண்டிக்காரன்:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். ஸ்பிரிங் ஓவர் பண்ணின வண்டியை ரோட்டுல ஓட்டறதே சிக்கல். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும் 2019 ஜனவரியில வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும் கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தறதை ஏத்துக்கல. இன்சூரன்ஸ் கிளைம்னு வந்தா கையை விரிச்சிடுவாங்க. தனியார் தோட்டத்துல ஓட்டறதா இருந்தா வேற விஷயம்.

கரடுபாதை:
தோட்டத்துக்குள்ள மட்டும்தான் அண்ணே, டிரெய்லர்ல ஏத்தித்தான் கொண்டுபோறோம்.

எல்லாரும் எழுதினதைப் படிச்சிட்டு சேசிஸ்ல போனைக் கட்டி பினியனைப் பார்த்து வீடியோ எடுத்தேன். முன் வீல் ரெண்டையும் ஒரு பாறைப் படியில முட்டவிட்டு, லோ ஃபர்ஸ்ட்ல கிளட்சை மெல்ல விட்டேன். மூக்கு நல்லாவே தூக்குது, ஷாஃப்ட் கோணம் மாறுறது கண்ணுக்கே தெரியுது. இன்னொண்ணும் பார்த்தேன். டிரான்ஸ்ஃபர் கேஸும் (முறுக்கை முன் பின் ஆக்சிலுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற பெட்டி) ஒரு பக்கமாச் சாயுது. இது இயல்புதானா?

பட்டறைவாசல்:
இதை முதல்லயே கேட்டிருக்கணும் தம்பி. ஜிப்ஸியில டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோட ஒட்டி இருக்காது, தனியா மூணு ரப்பர் மவுண்ட்டுல தொங்குது. லோ ரேஞ்ச் முறுக்கு அதையும் திருப்பும். ரப்பர் வெடிச்சிருந்தா ஒரு முனையில கேஸ் சாயும், மறு முனையில பினியன் தூக்கும், நடுவுல கிராஸுக்கு ரெண்டு பக்கமும் அடி. மவுண்ட் மூணையும் மாத்திட்டு அதே பாறையில திரும்ப ஒரு வீடியோ எடுங்க. பாரோட ஷேக்கிளை அந்த மவுண்ட் இருக்கிற பிராக்கெட்டுல தொங்கவிடாதீங்க. சேசிஸ் ரெண்டு பக்கமும் சேர்ற மாதிரி தனிக் குறுக்குக் குழாய் போட்டு, அதுல மாட்டுங்க.

சூரியநெல்லி டிரைவர்:
மவுண்ட் மாத்துங்க, அது சரி. கூடவே கழட்டின ரெண்டு பட்டையில நீளமானதை மட்டும் திரும்பப் போட்டு, கிளிப் அடிச்சு, யு போல்ட்டை இறுக்கி அதையும் வீடியோ எடுங்க. அதுக்கப்புறமும் மூக்கு தூக்கினா பார் போடுங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன்.

கணக்குப்பிள்ளை:
இந்த வரிசையே சரி. ஆனால் பட்டை போட்டதும் வண்டி உயரம் மாறும், கூடவே பினியன் கோணமும் மாறும். தரையில் நிற்கும்போது பினியன், டிரான்ஸ்ஃபர் கேஸ் அவுட்புட்டுக்கு இணையாக இல்லாமல் ஒன்றிரண்டு டிகிரி கீழ் நோக்கி இருக்கட்டும். ஏற்றத்தில் மூக்கு தூக்கும்போது இணைக்கு வந்துவிடும். அதற்காகப் பெர்ச்சை (ஆக்சிலில் பட்டைக்கட்டு உட்காரும் மேடை) மாற்றிப் பற்றவைப்பதானால் அதற்கு முன் அளந்துவிடுங்கள். பற்றவைத்த பிறகு வெட்டி எடுத்தால் ஹவுசிங் குழாய் வளைய வாய்ப்புண்டு.

கரடுபாதை:
மவுண்ட்டும் ஒரு பட்டையும் இந்த வாரமே. ஷேக்கிளுக்கு எந்த புஷ் நல்லா இருக்கும்னு யாராவது சொல்லுங்க, ரப்பரா பாலியூரிதேனா?

பட்டறைவாசல்:
ரப்பர். பாலியூரிதேன் திருகலுக்கு அவ்வளவா விட்டுக்கொடுக்காது.