கீழடி அகழாய்வுக் குழிகளில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் மக்களே. வைகைக் கரையில் புதைந்த ஒரு நகரத்தையும், அதன் நீர் நுட்பத்தை மறைக்கப் பார்க்கும் ஒரு கூட்டத்தையும் வைத்துத் த்ரில்லர் நாவல் எழுதுகிறேன். பறக்கும் தட்டெல்லாம் வேண்டாம். கீழடியில் கிடைத்த, சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய உறைகிணறும், ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் சுடுமண் குழாயும், 'ஆதன்' என்று பானை ஓட்டில் கீறிய அந்தப் பெயருமே எனக்குப் போதும், நினைத்தாலே புல்லரிக்கிறது.

சரி, உதவி இதுதான். கதாநாயகி ராத்திரி மழையில் குழிக்குள் இறங்குகிறாள். மழை வந்தால் குழியை எதைப் போட்டு மூடுவீர்கள், காவலுக்கு யார் இருப்பார்கள், ஓடு கிடைத்ததும் ஆழத்தை எப்படிக் குறித்துப் பையில் போடுவீர்கள்? கீழடியிலோ, பக்கத்து ஊர்களான கொந்தகை, அகரம், மணலூர்க் குழிகளிலோ மண் அள்ளிய அக்கா, அண்ணன்மார் சொன்னால் ரொம்ப நல்லது. சின்ன விவரமானாலும் எழுதுங்கள், அப்புறம் நேரில் வந்தும் கேட்டுக்கொள்கிறேன்.