இயாய்டோ: ஆசிரியர் அருகில் இல்லாத இடைநிலை மாணவர் எதைப் பயில வேண்டும்?

உவர்மலை மாணவன்:
வணக்கம். கொழும்பில் தொழில் பார்த்த காலத்தில் ஓர் ஆசிரியரிடம், உறையிலிருந்து வாளை உருவி வெட்டும் ஜப்பானியக் கலையான இயாய்டோவைப் பயிலத் தொடங்கினேன். இப்போது திருகோணமலைக்கு மாற்றலாகி வந்துவிட்டதால், அவரை இடையிடையே மட்டுமே நேரில் சந்திக்க முடிகிறது. அகில ஜப்பான் கெண்டோ (ஜப்பானிய வாட்போர்க் கலை) சம்மேளனம் வகுத்த 12 இயாய்டோ கதாக்களில், அதாவது வரையறுக்கப்பட்ட அசைவுத் தொடர்களில், முதல் ஐந்தை அவர் கற்றுத் தந்துள்ளார். மிகுதி ஏழையும் காணொளி பார்த்துப் பழகி வைத்தால், அடுத்த சந்திப்பில் அவர் திருத்திவிடுவார் என எண்ணுகிறேன். இது சரியான வழிதானா? உறையுடன் கூடிய மரவாளை விட்டு, கூர் தீட்டாத உலோகப் பயிற்சிவாளுக்கு மாறும் காலம் வந்துவிட்டதா?

திருக்கடலூர் அக்கா:
தம்பி, ஏழு கதாக்களின் அசைவுகளையும் காணொளியிலிருந்து மனனம் செய்துவிடலாம். ஆனால் அவற்றோடு சேர்ந்து உடம்பில் ஊறிவிடும் பிழைகளைக் களைவதற்கே பின்னர் ஆசிரியரின் நேரம் முழுவதும் செலவாகிவிடும். அந்த 12 கதாக்களும் ஒரேயடியாக வந்தவை அல்ல. 1969இல் ஏழு, 1980இல் மூன்று, 2000இல் இரண்டு என்று ஆறுதலாகவே சேர்க்கப்பட்டன. நீங்களும் அவசரப்பட வேண்டியதில்லை.

முதற் கதாவான ‘மாஏ’யையே எடுத்துக்கொள்ளுங்கள். முழங்காலிட்டு அமர்ந்திருக்கும் நிலையில், எதிரே இருப்பவர் தாக்க முனைவதை உணர்ந்து, வாளை உருவியபடியே அவருடைய நெற்றிப்பொட்டைக் கிடையாக வெட்டி, உடனே தலைக்கு மேல் உயர்த்தி நேர்கீழாக வெட்டுவதே அதன் சாரம். இடைநிலைக்கு வந்த மாணவர்களிற் பலர் வலக்கையின் பலத்தாலேயே வாளை உருவுகிறார்கள். இடக்கை உறையைப் பின்னோக்கி இழுக்க வேண்டும். வாள்முனை வெளியேறும் தறுவாயில் உறையும் கூர்ப்பக்கமும் சேர்ந்து கிடையாகத் திரும்ப வேண்டும். உங்கள் உறைவாயின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே கீறல்கள் இருந்தால், இடக்கை இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை என்று பொருள். இந்த ஒன்றைச் சீராக்கவே உங்களுக்குப் பல மாதங்கள் வேண்டும், அந்த மாதங்கள் வீண்போகமாட்டா.

நிலாவெளி:
அக்கா சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். எனினும், தனியே பயில்பவருக்குத் தூரக்கணிப்பு மங்கிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். 1912இல் வகுக்கப்பட்ட கெண்டோ கதாக்கள் பத்தும் இருவர் சேர்ந்து பயில்வதற்கானவை. அவற்றில் மூத்தவர் தாக்குபவராக நின்று இளையவரை வழிநடத்துவார். அத்தகைய மூத்தவர் இங்கே கிடைக்காவிட்டால், சிலம்பம் பயிலும் நண்பர் ஒருவரைக் கோலுடன் எதிரே அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். உங்கள் மரவாளின் முனை அவரைத் தொடாமல் எவ்விடத்தில் நிற்கிறது என்று மெதுவாக அளந்து பழகுங்கள். சிலம்பத்தின் காலடி வேறு, இதன் காலடி வேறு. இரண்டையும் கலக்க வேண்டாம். சீமெந்துத் தரையில் முழங்காலிடுவதாயின், காப்பு அணியாமல் பயிலவே கூடாது.

துறைமுக வீதி:
வாள் வாங்குவதை உங்கள் ஆசிரியரிடமே விடுங்கள். உயரத்துக்கும் கை நீளத்துக்கும் பொருந்தும் அளவை அவரே சொல்ல வேண்டும். உலோகக் கலவையால் ஆன பயிற்சிவாள் எஃகைப் போல் துருப்பிடிக்காது என்றாலும், அதன் உறை மரத்தாலானது என்பதை நம் ஊரில் மறக்கக் கூடாது. மாரிகாலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சி இறுகும்; கச்சான் காற்று வீசும்போது காய்ந்து தளர்ந்து, குனிந்து வணங்கும்போதே வாள் நழுவி வெளியே வரலாம். அலகைப் பிடியுடன் இணைக்கும் மூங்கில் ஆணியை ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். அது சிறிதளவு அசைந்தாலும் அன்று மரவாளையே எடுங்கள்.